வாசகர் கேள்வி – பதில்: அறுபது ஆண்டுத் தொடரை நேர்வழியில் பார்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழும் அமெரிக்க மூதாட்டி, இளம் வயது முதல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடரைப் பார்த்து வந்தவர். இப்போது அது அங்கே வருவதில்லை. உறவினர் ஒருவர் ஏதோ ஓர் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்கிறார். சட்டப்படியான வழி என்ன?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: 1965 நவம்பர் 8 அன்று தொடங்கிய இத்தொடர், 2022 செப்டம்பர் 12 முதல் என்.பி.சி.யின் தாய் நிறுவனமே நடத்தும் பீக்காக் என்ற இணையவழிக் காணொளித் தளத்துக்கு முழுமையாக மாறிவிட்டது. அதற்குச் சந்தா கட்டுவதே நேர்வழி. விளம்பரங்களோடு வரும் திட்டம் விலை குறைந்தது. தொலைக்காட்சியில் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய அவருக்கு அதுவே போதும். புதிய அத்தியாயங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை வெளியாகின்றன. நேரம் தவறினாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும் முன், அவருடைய இணைய அல்லது கேபிள் நிறுவனத்திடம் பீக்காக்கைச் சேர்த்துத் தரும் திட்டம் ஏதேனும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி பழையதானாலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், இணையக் காணொளிகளைத் தொலைக்காட்சியில் காட்டும் ரோக்கு போன்ற சிறு கருவி ஒன்றைச் செருகிப் பார்க்க முடியும். அதை ஒருமுறை அமைத்துக் கொடுத்து, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், அது அவருக்குப் பேருதவியாக இருக்கும்.

உறவினர் சொல்லும் தளத்தை அருள்கூர்ந்து தவிர்க்கச் சொல்லுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பியோ, ஓரங்களை வெட்டியோ, குரலின் வேகத்தை மாற்றியோ காட்டும் காணொளிகள் பெரும்பாலும் திருட்டுப் பதிவுகளே. தனியாக ஒரு ‘பிளேயரை’ நிறுவச் சொல்லும் தளங்களும், இலவசம் என்று சொல்லிவிட்டு அட்டை எண்ணைக் கேட்கும் தளங்களும் முதியவர்களுக்குப் பெரும் ஆபத்து. மாதம் சிறு தொகை வாங்கிக்கொண்டு எல்லா அலைவரிசைகளையும் தருவதாகச் சொல்லும் பெட்டிகளும் அப்படியே. பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் அது சட்டப்படியானதாகிவிடாது.

வீட்டில் ஓர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு செலவில்லாமல் பார்த்துவந்த முதியவர்களை இந்த மாற்றம் வருத்தியிருக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும், இதைப் போன்ற நெடுந்தொடர்களான, 1937-இல் வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’ 2009-இலும், ‘ஆஸ் த வேர்ல்டு டர்ன்ஸ்’ 2010-இலும் நிறுத்தப்பட்டதை எண்ணிப் பார்க்கையில், தளம் மாறியாவது இத்தொடர் பிழைத்திருப்பதே பெரிது என்று நான் கருதுகிறேன். தளத்தில் முறையாகப் பார்க்கப்படும் ஒவ்வொரு அத்தியாயமும் கணக்கில் ஏறுகிறது. திருட்டுத் தளத்தில் பார்ப்பது ஏறுவதில்லை. தொடரைப் புதுப்பிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

ஆன்டெனாவை அவர் கழற்றிவிட வேண்டாம். 1963 முதல் வரும் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ ஏ.பி.சி.யிலும், ‘த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்’, ‘த போல்டு அண்ட் த பியூட்டிஃபுல்’ இரண்டும் சி.பி.எஸ்.ஸிலும் இன்றும் இலவசமாகவே ஒளிபரப்பாகின்றன. தவறவிட்டால் முதலாவதை ஹுலு என்ற இணையத் தளத்திலும் மற்ற இரண்டைப் பாரமவுண்ட் பிளஸ் என்ற தளத்திலும் சந்தா செலுத்திப் பார்க்கலாம்.

கேள்வி: இத்தகைய தொடர்களை முதல் அத்தியாயத்திலிருந்தே சட்டப்படி பார்க்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் முடியாது. ஒளிநாடா விலை உயர்ந்திருந்த காலத்தில், ஒளிபரப்பான பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவுசெய்வது வழக்கமாக இருந்ததால், 1950, 60-களின் அத்தியாயங்கள் ஏராளமாக மறைந்துபோயின. எஞ்சியவற்றை வெளியிடுவதற்கும் நடிகர்களுக்கான தொகை, பின்னணி இசைக்கான உரிமை ஆகியவை தடையாக நிற்கின்றன. விதிவிலக்கு, 1966 முதல் 1971 வரை ஏ.பி.சி.யில் வந்த ‘டார்க் ஷேடோஸ்’. அதன் 1,225 அத்தியாயங்களில் ஒன்றைத் தவிர அனைத்தும் காப்பாற்றப்பட்டு டிவிடி தொகுப்பாக வெளிவந்துள்ளன. தொலைந்த அந்த ஒன்றும், எஞ்சிய ஒலிப்பதிவைக் கொண்டு மீட்டமைக்கப்பட்டு அத்தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.