துக்கம் கேட்க ஒருவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இசையைப் பற்றி எழுதும்போதெல்லாம் நீங்கள் சபா கச்சேரி, இளையராஜா என்ற இரண்டு நிறுத்தங்களுக்கு அப்பால் போவதில்லை. ஒரே ஒரு கட்டுரையில் மட்டும், இளமையில் ‘ரஷ்’ என்ற கனடா ராக் குழுவைக் கேட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு முப்பத்தேழு வயது. பெரம்பூரில் வீடு, கிண்டியில் வேலை. கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் மாட்டிய நாளிலிருந்து எனக்கு ரஷ்தான். என் மனைவிக்குப் பாடகரின் குரலைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது. பூனை வாலை யாரோ மிதித்துவிட்டார்கள் என்கிறாள். மாமனார் மார்கழியில் ஒரு கச்சேரி விடமாட்டார். அவரோ, தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம் என்று முடித்துவிட்டார். போன மாதம் மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஆளுக்கொரு பாட்டுப் போடச் சொன்னார்கள். நான் ரஷ்ஷின் ‘2112’ போட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் யாரோ அதை நிறுத்திவிட்டுக் கானா போட்டுவிட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

டிரம்மர் நீல் பியர்ட் இறந்த செய்தியை 2020 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை மின்சார ரயிலில் பார்த்தேன். அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். “சொந்தக்காரரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மாடிப்படியில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

இசை ஞானமே இல்லாத கூட்டத்தின் நடுவே எப்படி வாழ்வது? இவர்களுக்குப் புரியவைக்க வழி உண்டா, அல்லது விட்டுவிடலாமா?

எஸ்.,
பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் புதுமனை புகுவிழாவை முடித்துவிடுவோம். பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் இருபது நிமிடப் பாட்டைப் போடுகிறவரை எந்த ஊர்ச் சுற்றத்தாரும் மன்னிக்கமாட்டார்கள், டொரோன்டோவிலும் மாட்டார்கள். நான் அங்கே இருந்திருந்தால் கானாவுக்குத்தான் கை தட்டியிருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அந்தப் பாட்டு வந்த ‘2112’ ஆல்பத்தின் இசை பிடித்த அளவுக்கு அதன் வரிகள் எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. சுயநலமே அறம் என்று எழுதிய அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டின் மேதைமைக்கு நன்றி என்று உறையில் போட்டிருப்பார்கள். பியர்ட் இருபத்து மூன்று வயதில் எழுதியது என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவேன்.

ஆனால் நீங்கள் செய்தது அந்தக் குழு செய்ததுதான். 1975இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் விலைபோகவில்லை. அரங்குகளும் காலி. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு, ‘சாக்கடையில் போன பயணம்’ என்கிற பொருளில், அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். இனிமேலாவது வானொலியில் போடுகிற மாதிரி சின்னப் பாட்டாகச் செய்யுங்கள் என்றது இசைத்தட்டு நிறுவனம். அவர்கள் 1976இல் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பிக் கொடுத்தார்கள். அதுதான் உங்கள் ‘2112’. அது விற்றது, பிழைத்துக்கொண்டார்கள். அப்படியும் விமர்சகர்களில் பெரும்பாலோர் அவர்களைச் சட்டை செய்யவில்லை. ராக் இசைக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ அவர்களை உள்ளே அழைத்தது முதல் ஆல்பம் வந்து முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2013இல். அந்த மேடையில் கிதார் வாசிப்பவரான அலெக்ஸ் லைஃப்சன் ஏற்புரை என்று பேசியது ‘ப்ளா, ப்ளா, ப்ளா’ மட்டுமே. கையையும் முகத்தையும் ஆட்டிக்கொண்டு, ஏற்றமும் இறக்கமுமாக, சில நிமிடங்கள். தேடிப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் இன்று இரவே பாருங்கள். புரிந்துகொள்ளப்படாமல் இருந்ததைப் பற்றி இதைவிட நல்ல சொற்பொழிவை நான் கேட்டதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் ‘இசை ஞானமே இல்லாத கூட்டம்’. எஸ்., இது சென்னை. மார்கழியில் எந்தச் சபாவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையை மடியில் வைத்ததும், அரங்கில் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி, என்றால் கான்டீனுக்குப் போகும் நேரம் என்று இந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ராகத்தை இரண்டே ஸ்வரத்தில் கண்டுபிடிக்கிற மனிதர்கள்தான் அவர்கள். ஞானத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கீரை வடை ஆறிவிடும் என்று போகிறார்கள். வித்வான் பாதிக் காலியான அரங்குக்கு முழுக் கோர்வையையும் வாசித்து முடிக்கிறார். ரசனை எல்லாருக்கும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அப்படியே. கானாவில் அந்தச் சட்டித் தாளம் எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்று ஒருநாளாவது கவனித்திருக்கிறீர்களா? பியர்ட் கவனித்திருப்பார். ஊர் உலகம் மகாமேதை என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடியும் கற்றுக்கொண்ட மனிதர் அவர்.

மாமனாரை மட்டும் எனக்காக விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ரஷ் கேட்பதற்கு மிகப் பொருத்தமான காது அவருடையது. ‘2112’ வேண்டாம். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் மூன்றாவதாக வருகிற ‘ஒய் ஒய் இசட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டே கிடையாது, எனவே பூனைக்கும் வேலை இல்லை. நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதிலும் முதல் இருபது நொடி போதும்.

அந்தப் பெயரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒய், ஒய், இசட் என்பது டொரோன்டோ விமான நிலையத்தின் குறியீடு. அங்குள்ள வழிகாட்டிக் கருவி அந்த மூன்று எழுத்தைத் தந்தி மொழியில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பும் ஒரு சிறு விமானத்தில் அதைக் கேட்டு, அந்த ஓசை நடையையே பாட்டின் எடுப்பாக வைத்துவிட்டார்கள். தந்தியில் ஒய் என்றால் கோடு, புள்ளி, கோடு, கோடு. இசட் என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி. தந்தி முறைப்படி ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். இவர்கள் அதை இரண்டாக்கிக்கொண்டார்கள். நம் இலக்கணப்படியே ஆகிவிட்டது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இப்போது சொல்லிப் பாருங்கள்:

தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக.

ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. நான்கு மாத்திரை வீதம் ஐந்து எண்ணிக்கை. கண்டம் என்கிற ஐந்துக்குள் மிஸ்ரம் என்கிற ஏழை இரண்டு முறை உட்கார வைத்து, மிச்சத்தை ஆறால் அடைத்திருக்கிறார்கள். இதை விளக்கிச் சொல்லாதீர்கள். யார், எந்த ஊர் என்றும் சொல்ல வேண்டாம். “மாமா, இது என்ன கணக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டுவிடுங்கள். முதலில் ஒரு சின்ன வெண்கல மணியில் அந்த நடை தனியாக வரும், பிறகு மூன்று வாத்தியமும் சேர்ந்து விழும். அவருடைய வலது கை தொடையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் தகர டப்பா என்றே சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும், கை கணக்குப் போட்டதா என்பதுதான் விஷயம்.

மனைவியை எதற்கும் தொந்தரவு செய்யாதீர்கள். அந்தக் குரலைக் கேட்டு நானும் முதலில் சிரித்தவன்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். நீங்கள் கேட்டது ஒன்று, எழுதியது வேறு என்று படுகிறது. புதுமனை புகுவிழாவுக்கு நாலு வரி, மாடிப்படிக்கு ஒரு வரி. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

அதே 2020 செப்டம்பரில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் போனார். தொற்றுக் காலம், யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாது. இருந்தும் அன்று இந்த நகரத்தில் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, “கேட்டீர்களா சார்?” என்றார். அவ்வளவுதான் துக்கம் கேட்பது என்பது. கேட்டீர்களா என்று ஒருவர் கேட்க, ஆமாம் என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். உங்களிடம் அந்த ஜனவரியில் கேட்டது “சொந்தக்காரரா” என்ற கேள்வி. ரசிக்க ஆள் இல்லாமல் பல வருடம் சமாளித்துவிடலாம் எஸ்., எல்லாரும் சமாளிக்கிறோம். துக்கம் கேட்க ஆள் இல்லாததுதான் இத்தனை வருடம் கழித்து உங்களைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பியர்டுக்கே அது நேர்ந்தது. 1997இல் ஒரே மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே மனைவி புற்றுநோயில் போனார். இனி என்னை ஓய்வு பெற்றவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிட்டத்தட்ட 88,000 கிலோமீட்டர். அந்த இருவரும் வேறு டிரம்மரைத் தேடவில்லை, எப்போது வருகிறாய் என்று நச்சரிக்கவும் இல்லை. காத்திருந்தார்கள். அவராக வந்த பிறகு, 2002இல்தான் அடுத்த ஆல்பம்.

எனக்கு ரஷ் எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். 1986. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மொட்டை மாடி அறை, மூன்று கட்டில். ஒரு கட்டிலில் நான். இன்னொன்றில் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர். மூன்றாவது கட்டிலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். 1983 கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்துபோனவன். அண்ணன் டொரோன்டோவில் இருந்தான். பணம் அனுப்புவான், கூடவே ஒரு கேசட்டும் அனுப்பியிருந்தான். பையன் கனடாவுக்குப் போகக் காத்திருந்தான். ஒன்றரை வருடம் காத்திருந்தான். அவனிடம் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். இரவில் மாடியில் அதைத்தான் கேட்டோம். விற்பனைப் பிரதிநிதி போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு எங்கள் இருவரையும் திட்டுவார்.

எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் அறுபது நிமிடக் கேசட் ஒன்றைக் கொடுத்தோம். ‘மூவிங் பிக்சர்ஸ்’ நாற்பது நிமிடம்தான். பக்கத்துக்குப் பத்து நிமிடம் மிச்சம். நாடா வீணாகப் போகக்கூடாது என்று கடைக்காரரே தன் விருப்பத்துக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுகளைப் பதிந்து கொடுத்துவிட்டார். வேறு காசு வாங்கவில்லை. இன்றும் அந்த ஆல்பத்தில் நான்காவது பாட்டு முடிந்ததும் அந்த வெண்கலக் குரலுக்காக என் காது தயாராகிவிடும்.

அவன் 1987இல் கிளம்பினான். எந்த வழியாகப் போனான் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. நாலு மாதம் கழித்து ஒரு ஏரோகிராம் வந்தது. அதில் குளிரைப் பற்றி ஒன்றும் இல்லை. தன் பெட்டியில் கட்டியிருந்த சீட்டில் அந்த மூன்று எழுத்து இருந்தது என்றும், அதைப் பார்த்துக்கொண்டு விமான நிலையத்திலேயே நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தான். அதுவரை எங்கள் இருவருக்கும் அது என்ன என்று தெரியாது. ஏதோ அல்ஜீப்ரா என்று நினைத்திருந்தோம். பாடகர் கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்து அந்த ஊருக்கு வந்தவர்கள் என்பதையும், கேரி என்ற பெயர் அம்மாவின் போலந்து உச்சரிப்பில் கெடி ஆகிவிட்டது என்பதையும் அவன்தான் பின்னொரு கடிதத்தில் எழுதினான். அவனுடைய பெயரையும் அங்கே யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லையாம்.

நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அதே சனிக்கிழமை, உங்களுக்குச் சில மணி நேரம் முன்னால், விடியற்காலையில் என் தொலைபேசி அடித்தது. ஐந்தாறு வருடமாகப் பேச்சு இல்லை எங்களுக்குள். கேட்டாயா என்றான். அப்போது எனக்குத் தெரியாது, அவன் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் நகத்தால் தொலைபேசியில் தட்டும் ஓசை கேட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக. இரண்டு முறை தட்டினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு மெதுவாகப் பிள்ளையார் பாட்டை எடுத்தான்.