கம்பளி மாமூத்: வாழ்ந்த விதமும் மறைந்த விதமும் – கேள்வி பதில்

பனியுக விலங்குகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் பெரும்பாலான கேள்விகள் மாமூத்தைச் சுற்றியே வந்தன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். இரண்டு மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பு மாணவர்: மாமூத் டைனோசர் காலத்து விலங்குதானே அண்ணா?

இல்லை தம்பி. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். கம்பளி மாமூத் மனிதர்கள் கண்ணால் பார்த்த விலங்கு. பிரான்சில் ரூஃபின்யாக் குகையில் மட்டும் 150க்கும் மேற்பட்ட மாமூத் படங்கள் இருக்கின்றன. கடைசி மாமூத்துகள் சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை உயிரோடு இருந்தன. அப்போது எகிப்தின் பெரிய பிரமிடு கட்டி முடித்துச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மொகஞ்சதாரோ தெருக்களில் மக்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற வனக்காவலர்: எங்கள் காட்டு யானைக்கும் மாமூத்துக்கும் உண்மையிலேயே உறவு உண்டா, இல்லை பார்ப்பதற்கு மட்டும்தான் ஒன்றுபோல இருக்கிறதா?

நெருங்கிய உறவு, ஐயா. ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துதான் கிட்டத்துச் சொந்தம். இரண்டு வம்சமும் பிரிந்தது சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். உயரமும் நம் யானை அளவுதான். வளர்ந்த ஆண் தோள்வரை 3 மீட்டர் சொச்சம் இருக்கும். வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைப்பது இரண்டுக்கும் பொது.

நீங்கள் நேரில் பார்த்த இன்னொன்றும் மாமூத்துக்கு உண்டு: மதம் பிடிப்பது. 33,000 ஆண்டுகளுக்கும் முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஆண் மாமூத்தின் தந்தத்தைத் துளைத்து, அதில் தங்கியிருந்த ஹார்மோன்களை அளந்து 2023இல் ஆய்வு வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அவ்வப்போது பல மடங்கு ஏறி இறங்கியது தந்தத்தின் அடுக்குகளில் அப்படியே பதிந்திருந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்த உறவைக் கண்டுபிடித்த கதையில் இலங்கை யானைக்கும் ஓர் இடம் உண்டு. 1796இல் பாரிஸில் ஜார்ஜ் குவியே என்ற இளம் விஞ்ஞானி இலங்கை யானையின் எலும்புகளையும், தென்னாப்பிரிக்க யானையின் எலும்புகளையும், சைபீரிய மண்ணில் கிடைத்த மாமூத் எலும்புகளையும் ஒப்பிட்டார். மூன்றும் வேறு வேறு இனம் என்றார். மூன்றாவது இனம் உலகில் எங்கும் இப்போது இல்லை என்றும் சொன்னார். ஓர் உயிரினம் பூண்டோடு மறைய முடியும் என்பதையே பலர் நம்பாத காலம் அது.

கல்லூரி மாணவி: உடம்பு முழுக்க முடி இருந்தால் மட்டும் சைபீரியக் குளிரைத் தாங்கிவிட முடியுமா?

முடி ஒரு பகுதிதான். வெளியே ஒரு மீட்டர்வரை நீளும் முரட்டு முடி, அதற்கு அடியில் அடர்த்தியான உள்முடி, தோலுக்கு அடியில் தடித்த கொழுப்பு. காதும் வாலும் சிறியவை, ஏனென்றால் உடல் வெப்பம் அந்த வழியாகத்தான் அதிகம் போகும். ஆசனவாயை மூட ஒரு தோல்மடிப்புகூட இருந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதன் ரத்தம். யானை ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் குளிர்ந்தால் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். பனியில் நிற்கும் காலுக்குப் போய்ச் சேராது. மாமூத்தின் ஹீமோகுளோபினில் சில சிறு மாற்றங்கள் இருந்தன. அதனால் குளிரிலும் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும். மாமூத்தின் மரபணுவை வைத்து அந்தப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் மறுபடி உருவாக்கி, 2010இல் இதைச் சோதித்தே காட்டினார்கள்.

இல்லத்தரசி ஒருவர்: அவ்வளவு பெரிய உடம்புக்குப் பனிக்கட்டிக்கு நடுவே சாப்பாடு எங்கே கிடைத்தது?

படங்களில் பனிப்பாளத்தின் மேல் நிற்பதாக வரைந்துவிடுகிறார்கள், அக்கா. அது வாழ்ந்தது வறண்ட புல்வெளியில். ஸ்பெயினிலிருந்து சைபீரியா வழியாக, ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே அன்று தரையாக இருந்த பெரிங் பகுதியைத் தாண்டிக் கனடாவரை புல்லும் பூண்டும் விரிந்து கிடந்தன. குளிர் கடுமை, ஆனால் மழையும் பனிப்பொழிவும் குறைவு. 1901இல் சைபீரியாவின் பெரெசோவ்கா ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த மாமூத்தின் வாயில், மென்று விழுங்காத புல் பற்களுக்கிடையே அப்படியே இருந்தது.

தனியார் நிறுவன ஊழியர்: 40,000 வருஷம் ஓர் உடல் அழுகாமல் இருக்குமா? லியூபா என்று ஒரு குட்டியைப் பற்றிப் படித்தேன்.

இருக்கிறது. 2007 மே மாதம் வடக்கு ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் யூரிபெய் ஆற்றங்கரையில் யூரி குதி என்ற நேனெத்து இனக் கலைமான் மேய்ப்பர் லியூபாவைக் கண்டெடுத்தார். பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குட்டி. சேற்றில் சிக்கி, மூச்சுக்குழாயில் சேறு அடைத்து இறந்திருக்கிறது. வயிற்றில் தாய்ப்பால் இருந்தது. குடலில் பெரிய மாமூத்தின் சாணமும் இருந்தது. செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களைப் பெற யானைக் குட்டிகள் இன்றும் தாயின் சாணத்தைத் தின்னும். சேற்றில் மூடி, லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் உடலைப் பதப்படுத்தி, அப்புறம் நிலம் உறைந்துபோனதால் கண்ணிமை முடிவரை தப்பியது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆசிரியை: ஒரு மாமூத் எங்கெங்கே நடந்தது என்றுகூடச் சொல்கிறார்களே, அது எப்படி?

தந்தம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், டீச்சர். ஒவ்வோர் அடுக்கிலும் அன்று தின்ற புல்லின் வழியாக அந்த மண்ணிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் படியும். பாறைக்குப் பாறை ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் அதன் வகைகளின், விகிதம் மாறும். அலாஸ்காவில் 17,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆண் மாமூத்தின் தந்தத்தை நீளவாக்கில் பிளந்து, நுனியிலிருந்து அடிவரை அளந்து, அந்தந்தப் பகுதியின் மண்ணோடு பொருத்தி 2021இல் முழுப் பயணத்தையும் வரைந்தார்கள்.

28 ஆண்டுகள் வாழ்ந்தது. சிறு வயதில் ஒரு கூட்டத்தோடு குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே திரிந்தது. 16 வயது வாக்கில் திடீரென்று வெகுதூரம் அலையத் தொடங்கியது. வயதுக்கு வந்த ஆண் யானையைக் கூட்டம் வெளியே அனுப்புவது நாம் அறிந்ததுதான். மொத்தத்தில் அது நடந்த தூரம் பூமியை இரண்டு முறை சுற்றுவதற்குக் கிட்டத்தட்ட வரும். கடைசி ஒன்றரை ஆண்டில் வடக்கு அலாஸ்காவில் ஒரு சிறு பகுதியை விட்டு நகரவில்லை. இறுதி அடுக்குகளில் நைட்ரஜன் ஐசோடோப்பு ஏறியிருந்தது. அது பட்டினியின் அடையாளம். குளிர்காலத்தின் முடிவில், உணவில்லாமல் இறந்திருக்கிறது.

பலர் கேட்டது: அழிந்ததற்குக் காரணம் தட்பவெப்பமா, மனிதனா?

இரண்டும்தான். ஆனால் பாதிக்குப் பாதி என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஒவ்வோர் இடத்திலும் கணக்கு வேறு.

பனியுகம் முடியும் தறுவாயில், சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன்னும் மறுபடி 11,700 ஆண்டுகளுக்கு முன்னும் பூமி வேகமாகச் சூடானது. ஈரம் கூடியது. புல்வெளி இருந்த இடத்தில் பாசியும் சதுப்பும் பிர்ச் புதர்களும் வந்தன. மாமூத்தின் நாடு துண்டு துண்டானது. வெப்பம் மட்டுமே காரணம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று: ஏறக்குறைய 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் பூமி நன்றாகச் சூடாகத்தானே இருந்தது? அப்போது மாமூத் வடக்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது. அடுத்த முறை ஒதுங்கிய இடங்களுக்குத் தேர்ந்த வேட்டைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

ரஷ்யாவில் கோஸ்தியென்கியில் 60க்கும் மேற்பட்ட மாமூத்துகளின் எலும்பால் 12 மீட்டருக்கு மேல் அகலமான வட்டக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அத்தனையும் வேட்டையாடியவை அல்ல. இறந்து கிடந்தவற்றின் எலும்பையும் பொறுக்கியிருப்பார்கள். ஆனால் வேட்டை பெரிதாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடம் ஆகும். மாமூத்தும் அப்படித்தான் என்றால், ஏற்கெனவே சுருங்கிய கூட்டத்தில் ஆண்டுக்குச் சில சாவு கூடினாலே மீள முடியாது. பெருநிலத்தில் நடந்தது இதுதான் என்பது என் கருத்து. எலும்புகளின் கணக்குப்படி அங்கே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது.

தீவுகளின் கதை வேறு. அலாஸ்காவின் செயின்ட் பால் தீவில் அப்போது மனிதனே இல்லை. மனிதன் அங்கே முதலில் கால் வைத்தது 1780களில். அங்கே மாமூத்தைக் கொன்றது தாகம். கடல் ஏறித் தீவு சுருங்கி, நல்ல தண்ணீர் ஏரிகள் வற்றி, மிஞ்சிய நீரைச் சுற்றி விலங்குகள் நெருக்கியடித்துக் கரையையே பாழாக்கி, சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டம் முடிந்தது.

ரேங்கல் தீவு பெருநிலத்திலிருந்து பிரிந்தது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன். அந்தக் கூட்டம் தொடங்கியதே அதிகபட்சம் எட்டு விலங்குகளிலிருந்துதான் என்று 2024இல் வந்த டிஎன்ஏ ஆய்வு சொல்கிறது. இருபது தலைமுறைக்குள் 200, 300 ஆகப் பெருகி, 6,000 ஆண்டுகள் அதே எண்ணிக்கையில் நின்றது. சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் மரபணுக் குறைகள் சேர்ந்தன என்பது உண்மை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அழிந்தன என்று முன்பு நினைத்தார்கள். புதிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை. முடிவு திடீரென்று வந்திருக்கிறது. தீவில் மனிதர்கள் இருந்ததற்கான தடயம் அதற்குச் சில நூற்றாண்டு பிந்தியது. நோயோ மோசமான சில ஆண்டுகளோ போதும், 300 விலங்குகள் உள்ள தீவுக்கு.

ஹோட்டல் நடத்துபவர்: உறைந்த மாமூத் கறியை விருந்தில் பரிமாறினார்களாமே?

1951இல் நியூயார்க்கில் நடந்த விருந்தைச் சொல்கிறீர்கள். அந்தக் கறியில் ஒரு துண்டு பத்திரமாக இருந்தது. 2016இல் டிஎன்ஏ பார்த்தபோது பச்சைக் கடலாமை என்று தெரிந்தது.

பொறியாளர்: மாமூத்தை மறுபடி கொண்டுவரப் போகிறார்களாமே, உங்கள் கருத்து என்ன சார்?

2021இல் தொடங்கிய கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் ஆசிய யானையின் செல்லில் மாமூத் மரபணுக்களைச் சேர்க்க முயல்கிறது. 2025இல் நீண்ட முடி வளரும் எலிகளைக் காட்டினார்கள். அந்த ஆய்வுத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசியில் பிறப்பது முடி வளர்ந்த ஆசிய யானையாகத்தான் இருக்கும். எங்கே நடக்க வேண்டும், எதைத் தின்ன வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கிழட்டுத் தாய் மாமூத் இருக்காது. சுமக்கப் போவது, தானே அழிவின் விளிம்பில் நிற்கும் ஆசிய யானை. இது எனக்குச் சம்மதமில்லை.

பயணம் விரும்பும் தம்பதி: நேரில் பார்க்க எங்கே போகலாம்?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பெரெசோவ்கா மாமூத் இருக்கிறது. 1806இல் லேனா கழிமுகத்திலிருந்து கொண்டுவந்த எலும்புக்கூடும் அங்கேதான். தலையில் இன்னும் தோல் ஒட்டியிருக்கும். லியூபாவின் வீடு வடக்கு ரஷ்யாவின் சலேகார்ட் அருங்காட்சியகம். ரூஃபின்யாக் குகைக்குள் சிறிய மின்ரயிலில் அழைத்துப் போவார்கள். குளிர்காலத்தில் குகையை மூடிவிடுவார்கள், அதற்கேற்ற மாதிரி டிக்கெட் போடுங்கள்.