கிட்டாரில் கடினமான ஜாஸ் கார்டுகளைக் கற்றுக்கொள்வது எப்படி?

மேஜர், மைனர் கார்டுகளும், ஒரே விரலால் பல ஸ்ட்ரிங்குகளை அழுத்தும் பார் கார்டுகளும் கைவந்துவிட்டன, ஆனால் 9, 13 என்று எண் போட்ட ஜாஸ் கார்டுகளின் படங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் படங்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். வடிவங்களை மனப்பாடம் செய்தால் விரல் பழகும், காது பழகாது.

ஒரு 13 கார்டை முழுசாக எழுதினால் ஏழு சுரம் வரும். கிட்டாரில் இருப்பதோ ஆறு ஸ்ட்ரிங், அழுத்த நான்கு விரல். எனவே எதை விடலாம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டுக்குப் பெயர் தரும் மூல சுரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் வரும் ஐந்தாம் சுரத்தைத் தாராளமாக விடலாம். குழுவோடு வாசித்தால் மூல சுரத்தை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். விடவே கூடாதவை மூன்றாவதும் ஏழாவதும்தான். கார்டு மேஜரா மைனரா என்பது மூன்றாவதில் தெரியும். சி 7-ஐயும் சி மேஜர் 7-ஐயும் வேறாக்குவது ஏழாவது.

ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937 முதல் 1987-இல் இறக்கும்வரை ரிதம் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீனைக் கேளுங்கள். ஆம்ப் இல்லாத கிட்டார், அடிக்கு ஒரு தட்டு. பல இடங்களில் தெளிவாகக் கேட்பது ஒன்றிரண்டு சுரங்கள்தான். அத்தனை பெரிய குழுவின் தாளமும் அதன்மேல்தான் நிற்கும்.

இப்போது கிட்டாரை எடுங்கள். தடித்த ஸ்ட்ரிங் ஆறாவது. டி மைனர் 7-க்கு ஐந்தாம் ஸ்ட்ரிங்கில் 5-ஆம் ஃப்ரெட், நான்காவதில் 3, மூன்றாவதில் 5. அடுத்து ஜி 7: ஆறாவதில் 3, நான்காவதில் 3, மூன்றாவதில் 4. கடைசியில் சி மேஜர் 7: ஐந்தாவதில் 3, நான்காவதில் 2, மூன்றாவதில் 4. மற்ற ஸ்ட்ரிங்குகளை விரலால் லேசாகத் தொட்டு அடக்கிவிடுங்கள். மூன்றாம் ஸ்ட்ரிங்கை மட்டும் கவனியுங்கள்: 5, 4, 4. நான்காவதில் 3, 3, 2. ஒன்று நிற்கும்போது மற்றது ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் இந்த மூன்று கார்டு நகர்வின் உயிர் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அதை வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள்.

அது காதில் பதிந்தபின் இரண்டாம் ஸ்ட்ரிங்கைச் சேருங்கள்: மூன்று கார்டுக்கும் வரிசையாக 5, 4, 3. இப்போது நீங்கள் வாசிப்பது டி மைனர் 9, ஜி 7 ஃப்ளாட் 13, சி மேஜர் 9. மலைக்க வைத்த பெயர்கள் இவைதான்! புதிதாக வந்தது கார்டுக்கு ஒரே ஒரு சுரம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நடுக் கார்டில் மேலே உள்ள மூன்று விரல்களை அசைக்காதீர்கள். ஆறாம் ஸ்ட்ரிங்கின் 3-ஐ விட்டு, ஐந்தாவதில் 4-ஐ அழுத்துங்கள். ஜி 7 இருந்த இடத்தில் டி ஃப்ளாட் 9 வந்து நிற்கும். டிரைட்டோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெரிதாகப் பேசப்படுவது இதுதான். ஜி 7-இன் மூன்றாவதும் ஏழாவதும் பி, எஃப். டி ஃப்ளாட் 7-இல் அதே இரண்டு சுரங்கள் இடம் மாறி ஏழாவதாகவும் மூன்றாவதாகவும் வருகின்றன. அதனால்தான் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்துகிறது. இப்போது ஐந்தாம் ஸ்ட்ரிங்கில் உள்ள பேஸ் சுரமும் 5, 4, 3 என்று இறங்குகிறது, மேல் சுரமும் அப்படியே. நிதானமாக வாசித்துப் பாருங்கள், மெய்சிலிர்க்கும்.

சுரங்களின் அடுக்கை மாற்றும் டிராப் 2, சில சுரங்களை அரைச் சுரம் ஏற்றி இறக்கும் ஆல்டர்ட் கார்டுகளெல்லாம் இதற்குப் பிறகு வரட்டும், அவசரமே இல்லை. முதலில் ஜி-யில் ஒரு 12 பார் ப்ளூஸை (பன்னிரண்டு தாள வட்டங்கள் கொண்ட சுற்று) இரண்டே விரலால் வாசியுங்கள். நான்காம் ஸ்ட்ரிங்கில் 3, மூன்றாவதில் 4 என்றால் ஜி 7. இரண்டு விரலையும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் சி 7, ஜி 7-இலிருந்து ஒரு ஃப்ரெட் ஏற்றினால் டி 7. மூல சுரத்தை நண்பர் யாராவது பேஸில் வாசித்தால் நல்லது, இல்லாவிட்டால் ஃபோனில் பதிவு செய்து ஓட விடுங்கள். தாளம் காட்டும் மெட்ரோனோமை 2-ஆம், 4-ஆம் அடிகளில் மட்டும் ஒலிக்க வையுங்கள்.