வித்ரு தொழுதுவிட்டுப் படுத்தவர் தஹஜ்ஜுத் தொழலாமா?

கேள்வி: கடையை அடைத்து வீடு வர இரவு 11 மணி ஆகிறது. இஷாவோடு வித்ரையும் (ஒற்றைப்படை ரக்அத்தில் முடியும் இரவுத் தொழுகை) தொழுதுவிட்டுப் படுப்பேன். சில நாள் நாலு மணி வாக்கில் தானாக விழிப்பு வருகிறது. வித்ருதான் இரவின் கடைசித் தொழுகை என்கிறார்களே, அதன் பிறகு தஹஜ்ஜுத் (தூங்கி எழுந்து தொழும் இரவுத் தொழுகை) தொழலாமா? எத்தனை ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று), எந்த ஸூரா (குர்ஆன் அத்தியாயம்)? எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்? நான் ஷாஃபி மத்ஹப் (சட்ட வழி), மனைவி ஹனஃபி மத்ஹப் குடும்பம். வித்ரு தொழும் முறையில் வீட்டிலேயே இரண்டு விதமாகச் சொல்கிறோம்.

பதில்: தாராளமாகத் தொழலாம். முன்னிரவில் தொழுத வித்ரு அப்படியே இருக்கும். விழித்ததும் இரண்டு இரண்டு ரக்அத்தாக முடிந்த அளவு தொழுங்கள். வித்ரை மறுபடி தொழக் கூடாது. “ஒரே இரவில் இரண்டு வித்ரு இல்லை” என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய மூன்று நூல்களிலும் உள்ளது. “இரவில் உங்கள் கடைசித் தொழுகையை வித்ராக்கிக்கொள்ளுங்கள்” என்பதும் ஸஹீஹான (ஆதாரபூர்வமான) ஹதீஸ்தான். ஆனால் அது சிறந்த முறையைச் சொல்வது, வித்ருக்குப் பின் தொழுவதைத் தடை செய்வது அல்ல. நபி (ஸல்) அவர்களே வித்ருக்குப் பிறகு உட்கார்ந்து இரண்டு ரக்அத் தொழுததாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. விழித்தவுடன் ஒரு ரக்அத் தொழுது பழைய வித்ரை இரட்டையாக்கிவிட்டு, கடைசியில் புதிதாக வித்ரு தொழும் முறையை இப்னு உமர் (ரலி) கடைப்பிடித்தார்கள். ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் அது செயலுக்கு எடுக்கப்படவில்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

அப்படியானால் வித்ரை முன்னால் தொழுவதா, பின்னுக்கு வைப்பதா? “இரவின் கடைசியில் எழ முடியாது என்று அஞ்சுபவர் முதலிலேயே வித்ரு தொழட்டும், எழுவோம் என்று நம்புபவர் கடைசியில் தொழட்டும்” என்பது ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். தூங்கும் முன் வித்ரு தொழுதுவிடும்படி அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) உபதேசித்தார்கள். அபூபக்ர் (ரலி) முன்னிரவில் தொழுபவர், உமர் (ரலி) பின்னிரவில் தொழுபவர். இரண்டும் நபியவர்களுக்குத் தெரியும், இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். கடை அடைத்துப் பதினொரு மணிக்கு வீடு வருபவர், ‘சில நாள்’ மட்டும் விழிப்பவர், இப்போது செய்வதையே தொடர்வதுதான் சரி. வித்ரைப் பின்னுக்கு வைத்துவிட்டுத் தூங்கி ஸுப்ஹு (அதிகாலைத் தொழுகை) பாங்குக்கு எழும்புவதுதான் ஆர்வத்தோடு தொடங்குபவர்களுக்கு முதலில் நேரும் சறுக்கல். தொடர்ந்து எழுவது நன்றாகப் பழகிய பிறகு வித்ரைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

நேரக் கணக்கில் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரவு என்பது மஃக்ரிபில் தொடங்கி ஸுப்ஹு வக்து (நேரம்) நுழைவதில் முடிகிறது. இஷாவிலிருந்து எண்ணுவதும், சூரிய உதயம் வரை எண்ணுவதும் பிழை. மஃக்ரிப் 6.30, ஸுப்ஹு 5.00 என்று வைத்துக்கொண்டால் இரவு பத்தரை மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு மூன்றரை மணி நேரம். கடைசி மூன்றிலொரு பகுதி 1.30-க்குத் தொடங்கும். “என்னிடம் கேட்பவர் யார், நான் கொடுக்கிறேன், பாவமன்னிப்புத் தேடுபவர் யார், நான் மன்னிக்கிறேன்” என்று இறைவன் அழைப்பதாக ஹதீஸில் வரும் நேரம் அதுதான். தாவூத் (அலை) அவர்கள் பாதி இரவு தூங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் தூங்குவார்கள். இதே கணக்கில் அது 11.45 வரை தூக்கம், 3.15 வரை தொழுகை, அப்புறம் ஸுப்ஹு வரை ஓய்வு. உங்கள் நாலு மணியும் கடைசிப் பகுதிக்குள்தான் வருகிறது, கவலை வேண்டாம்.

முடிவு நேரத்துக்குப் பாங்கை மட்டும் நம்பாதீர்கள். பள்ளியில் சில நிமிடம் தாமதமாகச் சொல்லக்கூடும். உங்கள் ஊர் தொழுகை நேர அட்டவணையில் உள்ள ஸுப்ஹு வக்தைப் பாருங்கள். அது மாதத்துக்கு மாதம் நகரும். ஜனவரியில் வைத்த அலாரம் ஜூனுக்கு ஆகாது. வக்து நுழைந்ததும் தஹஜ்ஜுதின் நேரம் போய்விடும். அதன் பிறகு ஹனஃபி மத்ஹபில் ஸுப்ஹின் முன் ஸுன்னத் இரண்டு ரக்அத் தவிர வேறு நஃபில் (உபரித் தொழுகை) தொழுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). தொழுதுகொண்டிருக்கும்போதே வக்து நுழைந்துவிட்டால் பதறி முறிக்க வேண்டாம், அந்த இரண்டு ரக்அத்தைச் சுருக்கி முடித்துக்கொள்ளுங்கள்.

முறையை அறிய இப்னு அப்பாஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது தம் சிற்றன்னை மைமூனா (ரலி) வீட்டில் தங்கிய இரவைப் பார்த்தால் போதும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நபி (ஸல்) எழுந்து உட்கார்ந்து, கையால் முகத்தைத் தடவித் தூக்கத்தைக் கலைத்தார்கள். ஆலு இம்ரான் ஸூராவின் கடைசிப் பத்து வசனங்களை ஓதினார்கள். தொங்கிக்கொண்டிருந்த பழைய தோல் பையிலிருந்து நீர் எடுத்து அழகாக ஒளு செய்து தொழ நின்றார்கள். சிறுவர் போய் இடப்பக்கம் நிற்க, காதைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுவந்தார்கள். இரண்டு இரண்டாக ஆறு முறை தொழுது, வித்ரு தொழுதார்கள். பிறகு முஅத்தின் வரும்வரை படுத்திருந்து, எழுந்து லேசான இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு ஸுப்ஹுக்குப் புறப்பட்டார்கள்.

நீங்களும் அதே வரிசையில் போகலாம். எழுந்ததும் முகத்தைத் தடவி, பல் துலக்கி, ஒளுச் செய்யுங்கள். முதல் இரண்டு ரக்அத்தை லேசாகத் தொழுங்கள். இரவில் எழுபவர் இரண்டு சுருக்கமான ரக்அத்தால் தொடங்கட்டும் என்று முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. எடுத்த எடுப்பில் யாஸீனைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூன்றாம் நாள் சலித்துவிடும். நிய்யத் மனதில் இருக்க வேண்டும். ‘தஹஜ்ஜுத் ஸுன்னத் இரண்டு ரக்அத்’ என்ற எண்ணம் போதும்.

எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு இரண்டு. ரமளானிலும் மற்ற மாதங்களிலும் நபி (ஸல்) பதினொன்றுக்கு மேல் தொழுததில்லை என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். மேலே சொன்ன இரவில் அது 13 வருகிறது. வித்ரை முன்பே தொழுதுவிட்ட உங்களுக்கு 2, 4, 6, 8 எதுவும் சரி. எட்டு நிறையவில்லையே என்று ருகூஉவையும் (குனிதல்) ஸஜ்தாவையும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) கொத்திவிட்டு ஓடுவதைவிட நிதானமாக இரண்டு தொழுவது மேல். ஷாஃபி மத்ஹபில் அந்த நிதானம், உறுப்புகள் ஒரு கணம் அசைவற்று நிலைகொள்வது, தொழுகையின் ருக்னிலேயே (அடிப்படைக் கூறு) அடங்கும். அது இல்லாவிட்டால் தொழுகையே கூடாது.

தஹஜ்ஜுதுக்கென்று தனி ஸூரா கிடையாது. “பத்து வசனங்கள் ஓதி நின்று வணங்கியவர் பொடுபோக்கானவர்களில் எழுதப்படமாட்டார்” என்று அபூதாவூதில் வருகிறது. இக்லாஸ் 4 வசனம், நாஸ் 6 வசனம். இரண்டும் சேர்ந்தாலே பத்து. முல்க் ஸூரா மனப்பாடமாக இருந்தால் அதன் 30 வசனங்களையும் இரண்டு ரக்அத்துக்குப் பாதி பாதியாகப் பிரிக்கலாம். தெரிந்த ஒரே ஸூராவை இரண்டு ரக்அத்திலும் ஓதினாலும் நஃபிலில் குறையில்லை. குர்ஆனையோ போனையோ கையில் வைத்துப் பார்த்து ஓதுவது ஷாஃபியில் கூடும். ஆனால் பக்கம் திருப்புவது அடுத்தடுத்த மூன்று அசைவாகிவிடக் கூடாது. இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் அப்படி ஓதுவது தொழுகையையே முறித்துவிடும். ஆகவே உங்கள் மனைவி மனப்பாடமாகத் தெரிந்ததையே ஓதட்டும். சத்தம் நடுத்தரமாக இருக்கட்டும். பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் மெதுவாகவே ஓதுங்கள்.

ஸஜ்தாவில் மனம் உருகித் தமிழில் கேட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தொழுகைக்குள் சொந்தமாக அமைத்த துஆவைத் தமிழில் கேட்பது ஷாஃபியில் தொழுகையை முறிக்கும், ஹனஃபியிலும் கூடாது. ஸஜ்தாவில் ஹதீஸில் வந்த துஆக்களை ஓதுங்கள். ஸலாம் கொடுத்த பிறகு உங்கள் கடன், கடை, பிள்ளைகள், நோய் எல்லாவற்றையும் தமிழிலேயே கேளுங்கள்.

இனி வீட்டு வழக்கு. ஷாஃபி மத்ஹபில் வித்ரு வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். குறைந்தது ஒன்று, நிறைவு மூன்று, மிகுதி 11. மூன்று தொழும்போது இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டு ஒன்றைத் தனியாகத் தொழுவது சிறப்பு. இங்கே ஒரு நுணுக்கம்: அந்த முதல் இரண்டையும் ‘வித்ரு’ என்றே நிய்யத் செய்ய வேண்டும், வெறும் நஃபிலாக அல்ல. மூன்றையும் ஒரே ஸலாமில் தொழுதாலும் கூடும். அப்போது மஃக்ரிபைப் போல ஆகாமல் கடைசியில் மட்டும் அத்தஹிய்யாத் (உட்கார்ந்து ஓதுவது) இருப்பது நல்லது. ஸூராக்கள் அஃலா, காஃபிரூன், மூன்றாவதில் இக்லாஸ், ஃபலக், நாஸ். குனூத் (நின்ற நிலையில் ஓதும் துஆ) ரமளானின் பின்பாதியில் மட்டும், கடைசி ரக்அத்தின் ருகூஉவிலிருந்து எழுந்த பிறகு.

ஹனஃபியில் வித்ரு வாஜிப் (கட்டாயம்). மூன்று ரக்அத், ஒரே ஸலாம். இரண்டாவதில் உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதி எழ வேண்டும். மூன்றாவதில் ஃபாத்திஹாவும் ஸூராவும் ஓதி, கைகளை உயர்த்தித் தக்பீர் சொல்லிக் கட்டிக்கொண்டு, ருகூஉவுக்கு முன் குனூத் ஓத வேண்டும். இது வருடம் முழுக்க. ‘அல்லாஹும்ம இன்னா நஸ்தஈனுக’ பாடம் இல்லாதவர் ‘ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா’ துஆவை ஓதலாம். குனூத்தை மறந்து ருகூஉவுக்குப் போய்விட்டால் திரும்ப எழ வேண்டாம், கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா) செய்தால் போதும்.

ஆக, உங்கள் இருவரில் யார் சொல்வதும் தவறில்லை. ஒருவர் மற்றவரைத் திருத்த முனைவதில்தான் நேரம் போகிறது. தஹஜ்ஜுதை இருவரும் ஜமாஅத்தாகத் தொழலாம். மனைவி உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மகன் ஒருவன் மட்டும் சேர்ந்தால் அவன் உங்கள் வலப்பக்கம். ஆனால் வித்ரை ஆளுக்குத் தனித்தனியாகத் தொழுங்கள். இரண்டில் ஸலாம் கொடுக்கும் இமாமைப் பின்பற்றினால் ஹனஃபி மத்ஹபின் பெரும்பான்மைச் சட்டப்படி அவரது வித்ரு நிறைவேறாது.

உங்கள் நேரத்துக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். ஸுப்ஹு 5.00 என்றால் 4.25-க்கு அலாரம். ஒளு முடிய 4.35. லேசான இரண்டு ரக்அத், கொஞ்சம் நீட்டி இரண்டு ரக்அத், 4.50. மீதிப் பத்து நிமிடம் இஸ்திஃக்ஃபாரும் துஆவும். ‘ஸஹர் நேரங்களில் பாவமன்னிப்புத் தேடுவார்கள்’ என்று தாரியாத் ஸூரா புகழ்வது இதைத்தான். பிறகு ஸுப்ஹின் ஸுன்னத், பள்ளி. ஸுப்ஹுக்கு எப்படியும் எழத்தான் வேண்டும், அதோடு அரைமணி நேரம்தான் கூடுதல். இரண்டரை மணிக்கு எழுந்து ஒரு வாரம் தொழுதுவிட்டு, எட்டாம் நாள் ஸுப்ஹையே தவறவிடுபவருக்கு லாபமில்லை. “இன்னாரைப் போல் ஆகிவிடாதீர், இரவில் நின்று வணங்கிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்” என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) சொன்னது இதைப் பற்றித்தான். கடை அடைத்த பின் வயிறு முட்டச் சாப்பிடுவதையும் டீ குடிப்பதையும் குறையுங்கள். ளுஹருக்குப் பிறகு அரைமணி கண்ணயருங்கள். போனைத் தலைமாட்டில் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்கத் தோன்றும். எழுந்து நடந்து போய் அணைக்கும் இடத்தில் வையுங்கள்.

தொழுகையில் தூக்கம் தள்ளினால் நிறுத்திவிட்டுப் படுங்கள். தூக்கக் கலக்கத்தில் மன்னிப்புக் கேட்கப் போய்த் தன்னையே திட்டிக்கொள்ளக்கூடும் என்பது ஹதீஸ். ஸஜ்தாவில் தூங்கிவிட்டால் ஷாஃபியில் ஒளு முறிந்துவிடும். கால்வலி, களைப்பு இருந்தால் உட்கார்ந்து தொழலாம். நிற்கச் சக்தியிருந்தும் நஃபிலை உட்கார்ந்து தொழுபவருக்குப் பாதிக் கூலி உண்டு.

தூங்கி எழாமல் தொழுவதற்கு தஹஜ்ஜுத் என்ற பெயர் ஷாஃபியில் வராது; ஆனால் இரவு வணக்கத்தின் நன்மை கிடைக்கும். எனவே விழிப்பு வராது என்று தோன்றும் நாளில் இஷாவுக்குப் பின், வித்ருக்கு முன், இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் படுங்கள். கழாவான ஃபர்ளுகள் (தவறவிட்ட கடமைத் தொழுகைகள்) நிலுவையில் இருந்தால் அந்த நேரத்தை முதலில் அவற்றுக்குக் கொடுங்கள். காரணமின்றி விட்டவற்றை முடிக்காமல் நஃபிலில் இறங்குவதை ஷாஃபி மத்ஹப் அனுமதிப்பதில்லை.

தவறிய நாளைக்கும் வழியுண்டு. தூக்கமோ நோயோ மிகைத்து இரவுத் தொழுகை தவறினால் நபி (ஸல்) பகலில் 12 ரக்அத் தொழுவார்கள். நீங்கள் நாலு தொழுபவரானால், வெயில் ஏறிய பிறகு ளுஹருக்கு முன் அந்த நாலைத் தொழுதுகொள்ளலாம். வித்ரு தவறினால் ஷாஃபியில் கழாச் செய்வது ஸுன்னத், ஹனஃபியில் கட்டாயம். மாதவிடாய் நாட்களில் உங்கள் மனைவிக்குத் தொழுகையும் இல்லை, அதற்குக் கழாவும் இல்லை. ஆனால் எழும் பழக்கம் அறுந்துவிடாமல் இருக்க அதே 4.25-க்கு எழுந்து திக்ரு, ஸலவாத், துஆவில் இருக்கலாம்.