உடல் பருமனால் அப்படி என்ன செலவு வந்துவிடும்? எடையைக் குறைக்கச் சொன்னாலே அம்மா சண்டைக்கு வருகிறார், என்ன செய்வது?

நீங்கள் திருநெல்வேலிக்காரர் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள், அதனால் நம்ம ஊர்க் கணக்கிலேயே பேசுவோம். அம்மாவுக்கு 52 வயது, 84 கிலோ, முட்டு வலி, சுகர் "எல்லைக்கோட்டில்" இருக்கிறது, "குறைங்கம்மா" என்றாலே முகம் மாறிவிடுகிறது என்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் ஒருவரை ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பிவிடுவார். அதே ஆள் மாதாமாதம் மருந்துச் சீட்டோடு வருவதை வருடக்கணக்கில் பார்க்கிறவன் நான்.

சீட்டு நீள்கிற விதம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் சுகருக்கு மெட்பார்மின் 500 மட்டும் இருக்கும். அப்புறம் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். இத்தனையும் சாப்பிட்டு வயிறு எரிகிறது என்று பான்டாப்ரசோல். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய் 'ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ராத்திரிக் குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு டாக்டரைப் பார்க்கிறவர் குறைவு. எல்லாவற்றுக்கும் எடைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரை உண்டு, வயசு உண்டு. ஆனால் வயிற்றைச் சுற்றிச் சேருகிற கொழுப்பு இவை அத்தனையையும் சீக்கிரமே கூட்டிவருகிறது.

இதில் மாத்திரை விலை பெரிய செலவே இல்லை. மக்கள் மருந்தகத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு சுகர், பிரஷர் மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நிஜமான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு உங்கள் அம்மாவின் முட்டு வலியையே எடுத்துக்கொள்வோம்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு அக்கா வருவார். பீடி சுற்றுகிறவர். காலையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி, எழுந்தால் எண்ணிக்கை குறையும். என் கடைக்கு இரண்டே படிதான். பக்கவாட்டில் திரும்பி, ஷட்டர் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அதன் பக்கத்திலேயே மறு காலையும் வைத்து, நின்று மூச்சு வாங்கி, அடுத்த படி. "அண்ணாச்சி, அந்த முட்டு வலி மாத்திரை ரெண்டு குடுங்க. சீட்டு எங்கிட்டோ கெடக்கு." நான் கொடுக்க மாட்டேன், அவருக்கும் அது தெரியும், இருந்தாலும் கேட்பார். நான் கொடுக்காவிட்டால் வேறு எங்காவது கிடைத்துவிடும். சுகரும் பிரஷரும் உள்ளவர் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைப் பழக்கமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அடி வாங்குவது கிட்னி. டயாலிசிஸை முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்ளலாம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடப்போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிற மகனின் சம்பளத்தை எந்தக் காப்பீடும் தராது.

முட்டிக்கும் எடைக்கும் உள்ள கணக்கை 2005-ல் வந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழுகிற பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. ஆறு கிலோ குறைந்தால் அடிக்கு 24 கிலோ. "குண்டா இருக்கீங்க" என்பதைவிட இது அம்மாக்களிடம் எடுபடும் என்பது என் அனுபவம். ஏனென்றால் வலி அவர்களுக்குத் தெரிகிறது, எடை நமக்குத்தான் தெரிகிறது.

ஊர்ப் பேச்சும் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால்தான் "நல்லாருக்கியளே". கஷ்டப்பட்டு நாலு கிலோ குறைத்துவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போங்கள், "என்ன மைனி, இப்படி எளச்சுட்டிய, சுகர் கிகர் எதும் வந்துட்டா?" என்று பந்தியிலேயே கேட்பார்கள். ரொம்பக் குண்டாகிவிட்டால் அதற்கும் ஒரு கிண்டல். இப்படிப் பேச்சு வாங்குகிறவர் எடையைக் குறைப்பதில்லை, ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறுவதைத்தான் நிறுத்துகிறார். நீங்களும் அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர், 2019-21-ல் 40 பேர். ஆண்கள் 28-லிருந்து 37. தெருவுக்குத் தெரு பெண்கள் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா என்ன? ஆட்டுரல், அம்மி போய் கிரைண்டர், மிக்ஸி வந்தது, கிணறு போய் மோட்டார் வந்தது, ஆற்றங்கரை போய்க் குழாயடி வந்தது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எடை மெஷினை விட்டுவிட்டு ஒரு தையல் டேப் வாங்குங்கள். நம் இந்திய உடல்வாகுக்கு வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, தொப்புள் மட்டத்தில். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நைட்டியும் சேலையும் வயிறு பெருத்ததை உடுத்துகிறவருக்குச் சொல்லவே சொல்லாது. ஆண்கள் கதை இன்னும் வேடிக்கை. "நான் இப்பவும் 34 தான் எடுக்கேன்" என்பார் அண்ணாச்சி, பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும்.

இலக்கைச் சின்னதாக வையுங்கள். 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், உங்கள் அம்மாவைப் போல சுகர் எல்லையில் நிற்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை என்று இலக்கு கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு மெட்பார்மின். சுகர் வருவது முதல் கூட்டத்தில் 58 சதவீதம் குறைந்தது, மாத்திரைக் கூட்டத்தில் 31. மாத்திரை விற்றுப் பிழைக்கிறவன் சொல்கிறேன், நடைதான் ஜெயித்தது. சென்னையில் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வில் எடை பெரிதாகக் குறையாமலே, சாப்பாட்டு மாற்றமும் நடையும் சுகர் வருவதை 28 சதவீதத்துக்கு மேல் குறைத்தன. அம்மாவின் 84-ல் ஏழு சதவீதம் என்பது ஆறு கிலோ. அறுபதுக்கு வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு என்றதும் எல்லோரும் அல்வா மேல் பழி போடுவார்கள். பாவம் அல்வா. சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும்தான், லேசான சாமான் இல்லை. ஆனால் நெல்லையில் யார் வீட்டில் தினமும் அல்வா தின்கிறார்கள்? அது விருந்தாளிக்கு, தேங்காய்ப்பால் சொதி மறுவீட்டு விருந்துக்கு என்கிற மாதிரி. உடம்பில் சேருவது தினசரிச் சமாச்சாரம். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 40 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. "நாங்க உடன்குடிக் கருப்பட்டிதான் போடுறோம்" என்பார்கள். வாசனை அருமையாக இருக்கும், ஆனாலும் அது சர்க்கரைதான். அரை ஸ்பூனாகக் குறைத்துக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். எண்ணெய்க்குத் தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று டாக்டர்கள் சொல்கிற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டர். மாதக் கடைசியில் புட்டியைப் பார்த்தால் போதும், யாரையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

முக்கியமானது, அம்மாவுக்குத் தனிச் சமையல் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்களும் அப்பாவும் ராத்திரி பரோட்டா சால்னா பார்சல் வாங்கி வந்து பிரித்துவைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் இரண்டு கோதுமைத் தோசை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பானை மாறினால் எல்லோருக்கும் மாறட்டும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையோ அவரையோ வெண்டையோ இரண்டு கரண்டி கூட்டுங்கள். தோல் உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம்ம ஊர்ச் சாப்பாடுதானே, வெள்ளைச் சோற்றைவிடப் பசி தாங்கும். அளவு முக்கியம், அதுவும் சோறுதான்.

நடைக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதிகாலையில் பெண்கள் அங்கே வருவதும் உண்டு. ஆனால் வாசல் தெளித்து, டிபன் கட்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டு நிமிரும்போது ஒன்பது மணி வெயில் வந்துவிடும். காலை டிபன் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். சொல்லப்போனால் உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய ஒரே உருப்படியான யோசனை இதுதான். முட்டி வலிக்கிறவரை முதல் நாளே ஐந்து சுற்று இழுக்காதீர்கள். பத்து நிமிடம், சமதரையில், நல்ல செருப்போடு.

அரசாங்கமும் கை வைக்க வேண்டிய இடம் உண்டு. ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கையில் காசில்லாத வீடு எதைச் சமைக்கும்? நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். இங்கே கம்பும் சோளமும் விளைந்த மண், இங்கும் கொண்டுவரலாம். விழிப்புணர்வு நோட்டீஸைவிட அது வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு "எடை குறையப் பவுடர் இருக்கா?" என்று வருகிறவர்களும் உண்டு. என்னவென்றே தெரியாத பவுடர் எதையும் வாங்காதீர்கள். செமாகுளுடைடு மாதிரி ஊசிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன, ஆனால் அது டாக்டர் பார்த்து முடிவு செய்கிற விஷயம். ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி), பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிட்டால், பானை மாறிய முதல் மாதமே டாக்டரிடம் "சாப்பாட்டைக் குறைச்சிருக்கோம், அளவைப் பார்க்கணுமா" என்று கேட்கச் சொல்லுங்கள். சீட்டில் கிளிமிபிரைடு என்ற பெயர் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பாடு குறைந்து மாத்திரை அப்படியே இருந்தால் சுகர் இறங்கி வியர்த்துக் கை நடுங்கும். அந்த நேரத்தில் மட்டும் சீனி டப்பாவைத் தயங்காமல் திறக்கலாம்.