கிறிஸ்தவராக இருந்துகொண்டு பழைய நாவல்களை எப்படி வாசிப்பது?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், வேதம் கையில் இருக்கும்போது கொலையும் விபசாரமும் வரும் நாவல்களை ஒரு விசுவாசி வாசிக்கலாமா என்று. தாராளமாக வாசிக்கலாம். தாவீது ராஜா உரியாவின் மனைவியோடு விபசாரம் செய்து, பிறகு அவனையே சாகடித்த கதையை வேதமே ஒளிக்கவில்லையே.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்கோல்னிகோவ் கோடரியால் இரண்டு பெண்களைக் கொல்கிறான். அப்புறம், குடும்பத்தின் பசிக்காக உடலை விற்கும் சோனியாவிடம் போய், செத்துப்போன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பிய பகுதியை, யோவான் 11-ஐ, வாசிக்கச் சொல்கிறான். நாகர்கோவிலில் எங்கள் சபையின் அடக்க ஆராதனைகளில் யோவான் 11-ஐ எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஆனால் நாலு நாளாகி நாறிப்போன அந்தப் பிணம் உயிரோடு நடமாடும் ஒருவனாகவும் இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். சோனியாவின் கையிலிருக்கும் புதிய ஏற்பாடு, அவன் கொன்ற இருவரில் ஒருத்தியான லிசவேத்தா கொண்டுவந்து கொடுத்தது! அதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, எப்படி வாசிப்பது? பக்கத்துக்குப் பக்கம் வசனம் தேடாதீர்கள், முதலில் கதையாகவே வாசியுங்கள். யார் யாரை மன்னிக்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். எழுதியவர் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. டால்ஸ்டாயை அவருடைய திருச்சபையே 1901-ல் விலக்கியது, ஆனாலும் மனந்திரும்புதலைப் பற்றி அவருடைய 'புத்துயிர்ப்பு' நாவல் எனக்கு நிறையக் கற்றுத்தந்தது.

தொடங்குவதற்கு, விக்தர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' நல்லது. தன் வீட்டு வெள்ளிச் சாமானைத் திருடியவனைப் போலீஸ் பிடித்துவரும்போது, விளக்குத்தண்டுகளையும் எடுத்துக்கொள் என்று கொடுக்கிறார் பிஷப். அந்தப் பகுதியை மட்டும் உங்கள் வாலிபர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.