வன்னிக்குள் பறக்க எந்த வானிலை அட்-ஒன் நல்லது? காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சியில் இருந்து வீட்டுக் கொம்பியூற்றரில் ஃபிளைற் சிமுலேற்றர் ஓட்டுகிறார். இரணைமடு, வவுனியா, பலாலி என்று சுற்றிப் பறப்பதுதான் அவருக்கு விருப்பம். சிமுலேற்றருக்கு வானிலையைக் கொடுக்கும் கூடுதல் மென்பொருள்களில் (அட்-ஒன்) அக்டிவ் ஸ்கை வாங்குவதா, ரெக்ஸ் வாங்குவதா, சிமுலேற்றருக்கு உள்ளேயே இருக்கும் வானிலை போதுமா என்று கேட்டிருக்கிறார்.

மைக்ரோசொஃப்ற் ஃபிளைற் சிமுலேற்றர் 2020, 2024 அல்லது எக்ஸ்-பிளேன் 12 வைத்திருந்தால், வன்னிக்குள் பறப்பதற்காக மட்டும் ஒன்றும் வாங்க வேண்டாம். எஃப்எஸ்எக்ஸ், பிரீபார்3டி, எக்ஸ்-பிளேன் 11 போன்ற பழைய சிமுலேற்றர் என்றால் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. முகில் எவ்வளவு வடிவாகத் தெரிகிறது என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தரவை எங்கே இருந்து எடுக்கிறது என்பதை வைத்தே சொல்கிறேன்.

பெரும்பாலான அட்-ஒன்களுக்கு அடித்தளம் மெற்றார். விமான நிலையத்தில் இருந்து அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வரும் வானிலை அறிக்கை அது. அந்த நிலையத்தைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குத்தான் அது பொருந்தும். நிலையங்களுக்கு இடைப்பட்ட நிலத்தை அட்-ஒன் கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஐரோப்பாவில் நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. இரணைமடுவை எடுத்துப் பாருங்கள். பலாலி, சீனன்குடா (திருகோணமலை) அறிக்கைகள் அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால், கட்டுநாயக்கா, திருச்சி, மதுரை போன்ற தூர நிலையங்களைத்தான் நம்ப வேண்டும். இந்த மூன்றும் ஏறத்தாழ 240 முதல் 260 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன.

தூரத்தை விடப் பெரிய சிக்கல் பருவம். யூன், யூலையில் சோளகம் அடிக்கும்போது தென்மேற்குக் கரையில் மழை முகில் மூடிக் கிடக்கும், வன்னியில் வெயிலும் புழுதியும் பலத்த காற்றும். மெற்றாரை மட்டும் நம்பும் அட்-ஒன் கட்டுநாயக்காவின் மழையைக் கொண்டுவந்து மாங்குளத்தில் கொட்டும். மாரியில் தலைகீழ்: முல்லைத்தீவில் வாடை மழை பெய்யும்போது மதுரையின் வெளித்த வானம் உங்கள் திரையில் தெரியலாம். நம்முடைய இரண்டு பருவங்களையும் பிழையாகக் காட்டும் பொருளுக்கு ஏன் காசு?

எக்ஸ்-பிளேன் 12 அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு நிறுவனமான நோவா வெளியிடும் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலை மாதிரியை எடுத்து, கிடைக்கும் இடங்களில் மெற்றாரையும் கலக்கிறது. மைக்ரோசொஃப்ற் சிமுலேற்றருக்கு சுவிற்சர்லாந்தின் மீற்றியோபுளூ என்ற வானிலை நிறுவனத்தின் தரவு வருகிறது, மெற்றார் பின்னர் சேர்க்கப்பட்டது. மாதிரி என்பது பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகக் கணிப்பதால் வன்னிக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் ஜிஎஃப்எஸ் கட்டம் 0.25 பாகை, அதாவது சுமார் 28 கிலோமீற்றர். மன்னாரில் இருந்து முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 100 கிலோமீற்றர், எனவே குறுக்கே நான்கு கட்டங்களுக்குள் வன்னி முடிந்துவிடும். ஐப்பசி பின்னேரங்களில் இடியோடு திரளும் மழை முகில் சில கிலோமீற்றர் அகலந்தான், அதை இந்தக் கட்டம் தனியாகப் பிடிக்காது. யன்னலால் பார்க்கும் வானமும் திரையில் உள்ள வானமும் அந்த மாதங்களில் ஒத்துப்போகும் என்று எந்த அட்-ஒன்னிடமும் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்க முன் ஒரு சோதனை செய்யுங்கள். சோளக காலத்தில் விமானத்தைப் பலாலியில் வையுங்கள். ஓடுபாதை 05/23. காற்று தென்மேற்கில் இருந்து வந்து 23 பக்கம், அதாவது தென்மேற்கை நோக்கி, புறப்பட வைக்க வேண்டும். 3,000 அடியில் காற்று இன்னும் பலமாக, தென்மேற்கு அல்லது மேற்கில் இருந்து இருக்க வேண்டும். பிறகு 39,000 அடிக்கு ஏறுங்கள். அங்கே காற்று கிழக்கில் இருந்து வர வேண்டும், ஏனென்றால் யூன் முதல் செப்ரெம்பர் வரை நமக்கு மேலே வெப்பமண்டலக் கிழக்கு ஜெற் என்ற வேகமான உயரக் காற்று ஓடுகிறது. அந்த உயரத்திலும் தென்மேற்குக் காற்றே காட்டினால், அந்த அட்-ஒன் நிலத்துக் காற்றை மேலே இழுத்து நீட்டியிருக்கிறது, உயரத்துக் காற்றின் தரவு அதனிடம் இல்லை. இந்தச் சோதனையை விட நம்பகமான அளவுகோல் வேறு எனக்குத் தெரியாது.

பழைய சிமுலேற்றர்களுக்கு அக்டிவ் ஸ்கைதான் என் தெரிவு. மெற்றாரோடு உயரத்துக் காற்றின் தரவையும் எடுக்கிறது, மாற்றங்களை மெதுவாக்குகிறது, கடந்த நாட்களின் வானிலையையும் ஓட்ட விடுகிறது. எஃப்எஸ்ரியல்டபிள்யூஎக்ஸ் லைற் என்ற அட்-ஒன் இலவசம், குறைந்த உயரத்தில் பறப்பவருக்குப் போதும். முகிலின் படத்தை மட்டும் மாற்றும் பொதிகளும் விற்பனைக்கு இருக்கின்றன. அவை வானிலையை மாற்றாது, பெயரைப் பார்த்து மாறி வாங்கிவிடாதீர்கள்.

மைக்ரோசொஃப்ற் சிமுலேற்றரில் வெளி மென்பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறுபட்ட வானிலையை வைக்க வழி விடப்படவில்லை. ரெக்ஸ் வெதர் ஃபோர்ஸ், அக்டிவ் ஸ்கை எஃப்எஸ் இரண்டும் முழு வானத்துக்கும் ஒரே அமைப்பைப் போட்டு, நீங்கள் நகர நகர அதை மாற்றுகின்றன. எனவே வவுனியாவில் நின்று தூரத்தில் முல்லைத்தீவுக் கடற்பக்கம் திரளும் மழையைக் காண முடியாது, அது உங்கள் தலைக்கு மேலேதான் வரும். அக்டிவ் ஸ்கை எஃப்எஸ் வாங்கினால் அதன் பசிவ் முறையில் விடுங்கள். வானம் சிமுலேற்றருடையதாகவே இருக்கும், வானிலை விபரங்களை மட்டும் அது தரும்.

பிழைகளில் அதிகம் வருவது, பார்வைத்தூரம் திடீரென்று வெள்ளைச் சுவர் போல 10 கிலோமீற்றரில் நிற்பது. மெற்றாரில் 9999 என்றால் 10 கிலோமீற்றரோ அதற்கு மேலோ என்று பொருள். சில அட்-ஒன்கள் அதைச் சரியாகப் பத்து என்றே எடுக்கின்றன. அமைப்பில் பார்வைத்தூர உச்சத்தைக் கூட்டிவிடுங்கள். உயரத்தில் காற்று ஒரேயடியாகத் திரும்பி வேகமானி எகிறினால், காற்று மாற்றத்தை மெதுவாக்கும் தெரிவு அணைந்திருக்கிறது. அட்-ஒன் இணையவே இல்லை என்றால், சிமுலேற்றரை நிர்வாகி உரிமையோடும் அட்-ஒன்னைச் சாதாரணமாகவும் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரித் திறக்க வேண்டும். அட்-ஒன் ஓடும்போது சிமுலேற்றரின் நேரலை வானிலையும் இயங்கினால் இரண்டும் மாறி மாறி வானத்தை அழிக்கும். பசிவ் முறைக்கு மட்டும் இது பொருந்தாது.

டேற்றா பற்றி: வானிலைக்கு அதிகம் செலவாகாது, செய்மதிப் படங்கள்தான் ஜிபி கணக்கில் தின்னும். 2020 பதிப்பில் பிங் உலகப் படங்களை அணைத்துவிட்டு நேரலை வானிலையை மட்டும் விடலாம். எக்ஸ்-பிளேன் 12 இல் நிலக்காட்சி டிஸ்கிலேயே இருப்பதால் போன் இணைப்பிலும் ஓடும். வானிலை வராவிட்டால் அதன் அவுட்புட் கோப்புறைக்குள் ரியல் வெதர் என்ற கோப்புறையைத் திறந்து, கோப்புப் பெயர்களில் உள்ள திகதியும் நேரமும் இன்றையதா என்று பாருங்கள். அவை யூரிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் வானிலை இறங்க மறுத்தால், முதலில் கொம்பியூற்றரின் திகதியைப் பாருங்கள். மதர்போட்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னே போய்விடும், பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் இணைப்பு அறுந்துவிடும். பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தபின், மென்பொருளை மீள நிறுவத் தேவையில்லை.